காணாமல் போன படிக்கட்டும், காணாமல் போகாத இரண்டு அங்குலமும்

ஆட்டோகேட் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். வீட்டு ப்ளான், குடோன் ப்ளான் போடுகிற மென்பொருள், 1982-ல் வந்தது. இந்தக் கதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். அதில் கோடு போடுவது சுலபம். போட்டதை எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அலறுவார்கள்.

ஈரோட்டில் ஒரு சின்ன ட்ராயிங் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூடி சரியாக மூடாத ஒரு டீ ஃப்ளாஸ்க். நம் கதாநாயகி டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம், ஒரு வீட்டு ப்ளானில் படிக்கட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார் சார். படிக்கட்டைத் தேர்ந்தெடுத்தாள். மூவ் கொடுத்தாள். ஒரு மூலையைத் தொட்டாள். அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டே கை தானாக என்டரைத் தட்டிவிட்டது. அவ்வளவுதான், படிக்கட்டைக் காணோம்!

முகமெல்லாம் வியர்த்துவிட்டது அவளுக்கு. பக்கத்து சீட் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கீழ கமாண்ட் லைன்ல என்ன கேக்குதுன்னு படிச்சியாம்மா?"

படிக்கவில்லை. யார்தான் படிக்கிறார்கள்? அங்கே அது தெளிவாகவே கேட்கிறது: இரண்டாவது புள்ளியைக் காட்டு, இல்லையென்றால் முதல் புள்ளியையே தூரமாக எடுத்துக்கொள்கிறேன். என்டர் தட்டினால் 'சரி, எடுத்துக்கொள்' என்று அர்த்தம். அவள் தொட்ட மூலை எக்ஸில் 1540, ஒய்யில் 980 அங்குலத்தில் இருந்தது. படிக்கட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு வலது பக்கம் 1540 அங்குலம், மேலே 980 அங்குலம் போய் உட்கார்ந்துவிட்டது. அதாவது ஏறக்குறைய 128 அடி கிழக்கே, 82 அடி வடக்கே. வீடு ஒரு தெருவில், படி அடுத்த தெருவில்! ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்ததும் திரையின் ஒரு மூலையில் வீடு, எதிர் மூலையில் பரிதாபமாகப் படிக்கட்டு. அண்டூ கொடுத்தாள். முடிந்தது பிரச்சினை.

(இதுவாவது வீட்டு ப்ளான். யூ.டி.எம். முறையில் போட்ட சர்வே ட்ராயிங் என்றால் கணக்கு மீட்டரில் வரும். ஈரோட்டுக்குக் கிழக்கு எண் ஏறக்குறைய 8 லட்சம், வடக்கு எண் பன்னிரண்டரை லட்சம். அங்கே இதே என்டரைத் தட்டினால் படிக்கட்டு கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர் பறந்து ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் நடுவே எங்கோ இறங்கும்.)

இது மென்பொருளின் பிழை இல்லை, வசதி. முதலில் 0,120 என்று டைப் செய்து என்டரைத் தட்டினால் பொருள் சரியாகப் பத்தடி மேலே போகும். தெரிந்தவனுக்கு வேலை மிச்சம். தெரியாதவனுக்குத்தான் மாரடைப்பு.

அந்த வாரம் முழுக்க அவள் கமாண்ட் லைனைப் பக்தியோடு படித்தாள். இனி எதுவும் காணாமல் போகாது என்று ஒரு தைரியமும் வந்துவிட்டது. அப்போதுதான் வந்தது மஞ்சள் குடோன் ப்ளான்.

ஒரு வரிசைக்கு ஆறு தூண், நடுவே ஐந்து இடைவெளி, ஒவ்வொன்றும் பத்தடி. முன் வரிசை அவளுடையது, பின் வரிசையைப் பக்கத்து சீட் அண்ணன் போட்டிருந்தார். இரண்டாவது தூணை மவுஸால் நகர்த்தி அதன் கோட்டில் வைத்தாள். அந்த இடைவெளியையே தொட்டுக் காட்டி மீதித் தூண்களையும் அர்ரேயில் போட்டாள். அளவு எழுதினாள். பத்தடி, பத்தடி, பத்தடி... அழகாக வந்தது. பிரிண்ட் போய்விட்டது.

மூன்றாம் நாள் மதியம் மேஸ்திரி போன் செய்தார்.

"ஏனுங்க அம்மிணி, அஞ்சு பத்து எத்தனைங்க?"

"அம்பதுங்கண்ணா."

"இங்க மொத்தம்னு கீழ அம்பதடி ரெண்டு அங்குலம் போட்டிருக்குதுங்களே. நாளைக்குக் கம்பி நிறுத்தோணும். எதை வெச்சு நிறுத்தறதுங்க?"

குழி நாலடிக்கு நாலடி. அதில் இரண்டு அங்குலம் ஒரு விஷயமே இல்லை. ஆனால் கம்பி நின்று கான்கிரீட் விழுந்துவிட்டால் அப்புறம் அண்டூ கிடையாது. முன் வரிசையின் கடைசித் தூண் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும், பின் வரிசை சரியாக நிற்கும், மேலே வருகிற இரும்பு ட்ரஸ்ஸின் போல்ட் ஓட்டை எதுவும் சேராது.

சார் காதில் விழுந்துவிட்டது. "சாஃப்ட்வேர் ஏதோ சொதப்பிடுச்சுன்னு சொல்லிடும்மா" என்றார். நல்ல மனுஷன்தான், பழக்கதோஷம். ஒரு நிமிஷம் அவளுக்கும் அப்படியே சொல்லிவிடலாமா என்று இருந்தது. "என் தப்புங்கண்ணா. ஒரு மணி நேரத்துல வேற ப்ளான் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம். டிஸ்ட் கொடுத்து இரண்டு தூணையும் தொட்டாள். பத்தடி என்றது. திரும்பவும் தொட்டாள். பத்தடி. ஒருவேளை ஏதாவது தூண் உயரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா (மேலிருந்து பார்த்தால் தெரியாது, இஸட் மதிப்பில்தான் தெரியும்) என்று பார்த்தாள். பூஜ்யம். யூ.சி.எஸ். திரும்பியிருக்கிறதா? இல்லை. பிறகு அண்ணன்தான் சொன்னார், "யூனிட்ஸ்ல தசமத்தைக் கூட்டிப் பாரு."

கூட்டினாள். 120.4.

அந்த ஆபீஸில் ப்ளான் சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று எல்லா அளவையும் முழு அங்குலமாக வைத்திருந்தார்கள். அதனால் 0.4 அங்குலம் எங்கேயும் தெரியவில்லை. அளந்து பார்க்கிற டிஸ்ட்டும் அதே யூனிட்ஸில்தானே பேசும்! ஐந்து இடைவெளி, ஐந்து 0.4, மொத்தம் இரண்டு அங்குலம். கூட்டுத்தொகையில் மட்டும் வெளியே தலையைக் காட்டியது.

0.4 எங்கிருந்து வந்தது? ஆப்ஜெக்ட் ஸ்னாப்பில் நியரஸ்ட் டிக் ஆகியிருந்தது. எண்ட்பாயிண்ட், இன்டர்செக்‌ஷன் என்றால் கோட்டின் முனையையோ, இரண்டு கோடு வெட்டுகிற இடத்தையோ பிடிக்கும். நியரஸ்ட் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். கோட்டின் மேல்தான் ஒட்டும், அதனால் பார்க்கச் சரியாகவே இருக்கும். அவள் தொட நினைத்தது வெட்டுகிற இடம், அது பிடித்தது பக்கத்தில்.

பி.காம். மக்களுக்கு இது நன்றாகப் புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி தூக்கம் போகும், ஆனால் தப்பு இருப்பதாவது தெரிந்துவிடும். ஒரு பதிவையே மொத்தமாக விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. 128 அடி பறந்த படிக்கட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அரை அங்குலத்துக்கும் குறைவாக நகர்ந்த தூணுக்குத்தான் கான்கிரீட் போட இருந்தார்கள்.

நியரஸ்ட்டை எடுத்தாள். நான்கு தூண்களை அழித்தாள். இரண்டாவது தூணின் இடத்தை மவுஸால் தொடாமல் 120 என்று டைப் செய்தாள், மற்றவற்றுக்கும் அதே எண். அளவுகளை 1/16 அங்குலம் வரை காட்டச் சொன்னாள். இப்போது ப்ளான் முன்னைப் போல அழகாக இல்லை என்று சார் முணுமுணுத்தார்.

பிரிண்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அவளே சைட்டுக்குப் போனாள். மேஸ்திரி எதுவும் கேட்கவில்லை. ப்ளானை செங்கல் அடுக்கின் மேல் விரித்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஓரத்தில் ஐந்து முறை பத்து எழுதிக் கூட்டினார். கூட்டி முடித்த பிறகுதான் பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார்.