நெகேமியாவும் நொய்யலும்

கல்லூரி நாட்களிலே நெகேமியாவின் சரித்திரத்தை ஆலய ஆராதனையிற் பன்முறை கேட்டிருக்கிறோம். இடிந்த அலங்கத்தைக் கட்டிய ஒரு வீரனின் கதை என்ற அளவிலேயே அது நம் மனத்தில் தங்கியிருந்தது. அக்கதை நம்மையே நோக்கிப் பேசுவதென்று உணர்ந்தது திருப்பூரிலே நமக்கு நேர்ந்த ஓர் இடுக்கணிலேயாம்.

கல்லூரியை விட்டபின் அவ்வூரில் பத்துப் பவர் டேபிள்களோடு ஒரு சிறு தையற்கூடம் நடத்திவந்தோம். பனியன் கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுத்துக் கூலி பெறுவது நமது தொழில். 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில், சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி கட்டளையிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் ஓய்ந்தன. சாயமேறாத துணி வெட்டுமேசைக்கு வாராது. வெட்டிய துணி வாராது தையலும் ஓடாது. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றியவர்கள் உண்டெனினும், அவ்வேலை நம்மனைய சிறியோரை எட்டவில்லை. சில வாரங்களில் நமது கூடமும் நிசப்தமாயிற்று.

வழக்குத் தொடுத்த உழவரை நொந்தோம், நீதிமன்றத்தை நொந்தோம், கர்த்தரையும் நொந்தோம். தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பளம் பாக்கியிருந்தது. பழைய வேலைக்குரிய கூலி ஒரு கம்பெனியிலிருந்து அப்பொழுதுதான் வந்து பெட்டியில் இருந்தது. அதை நமது குடும்பத்திற்கென ஒதுக்கிவைத்தோம். ஓவர்லாக் தைக்கும் அம்மையார் ஒருவர் வந்து, “ஏனுங்கண்ணா, இந்தச் சனிக்கிழமையாச்சும் சம்பளம் கிடைக்குங்களா?” என்றார். “பணம் வரவில்லையே, அம்மா” என்று பொய்யுரைத்தோம். அவர் மறுமொழி கூறாது போயினார்.

அன்றிரவு நித்திரை வராமையால் வேதாகமத்தைத் திறந்தோம். தைரியம் பெறவே நெகேமியாவின் புஸ்தகத்தை நாடினோம். அதிலே கிடைத்ததோ கடிந்துகொள்ளுதல். அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரனாய்ச் சூசான் அரமனையிலே சுகமாய் வாழ்ந்த அவர், எருசலேமின் அலங்கம் இடிந்து கிடப்பதைக் கேட்டு அழுதார்; உபவாசித்தார். அந்நகரம் அழிந்தபோது அவர் பிறந்திருக்கவுமில்லை. எனினும் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகையில், தம்மையும் தம் தகப்பன் வீட்டாரையும் அதிலே சேர்த்துக்கொண்டார்.

அவ்விடத்தில் நமது வாசிப்பு நின்றது. வெள்ளியங்கிரி மலைச்சாரலிற் பிறந்து காவிரியிற் கலக்கும் நொய்யலைக் கெடுத்தது யாருடைய சாயம்? பாசனத்திற்கென எழுப்பிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்றே. அதனால் கீழுள்ள உழவர் நிலங்கள் பாழ்பட்டனவே. கழிவு நீரை ஆற்றில் விடலாகாதென்று நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்ததே. சாயப்பட்டறை நம்முடையதன்று, ஆயினும் அச்சாயமேறிய துணியாலேயே நாம் உண்டோம். நெகேமியா இராக்காலத்தில் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்ததுபோல, மறுநாள் விடியுமுன் ஆற்றங்கரையில் நடந்தோம். கறைபடிந்த மண்ணைக் கண்டபின், பிறரை நோவதற்கு நாவெழவில்லை.

மீண்டும் வாசித்தோம். அலங்கம் எழும்பிவரும் வேளையிலே ஏழைகள் கூக்குரலிடுகின்றனர். தானியத்திற்காக நிலங்களை அடகுவைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக்கினோம் என்கின்றனர். நெகேமியா பிரபுக்களைக் கடிந்து, நிலங்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். கடன் கொடுத்தோரில் தாமும் ஒருவரென்பதை மறைக்கவில்லை. தேசாதிபதிக்குரிய படியையும் 12 ஆண்டுகள் வாங்காதிருந்தார். சன்பல்லாத்தும் தொபியாவும் ஏளனம் செய்தபோது அஞ்சாது நின்றது தைரியமே. ஆயினும், தன் கையிலுள்ளதைத் திறந்து கொடுப்பதற்கு அதனினும் மிக்க தைரியம் வேண்டுமென்று அன்று கண்டோம்.

அந்தச் சனிக்கிழமை தொழிலாளரை அழைத்து, பெட்டியில் பணமிருந்ததை ஒப்புக்கொண்டு பாக்கியைத் தீர்த்தோம். ஊருக்குத் திரும்ப விரும்பியோரின் முன்பணத்தையும் தள்ளிவிட்டோம். அந்த அம்மையார் பணத்தை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு, “வேலை வந்தாச் சொல்லியனுப்புங்கண்ணா” என்றார். அச்சொல் நமக்கு மன்னிப்பாகவும் பலமாகவும் இருந்தது.

எருசலேமின் அலங்கம் 52 நாளில் முடிந்தது. நமது தொழிலோ அவ்வளவு விரைவில் எழவில்லை. நான்கு இயந்திரங்களை விற்றோம். தொழிலாளரிற் சிலர் திரும்பி வரவேயில்லை. கழிவு நீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயத்திற்கே பயன்படுத்த ஏற்பாடு செய்த பட்டறைகள் படிப்படியாய்த் திறந்தபின்பே வேலை வந்தது. அதன்பின் 2020-இல் கொள்ளைநோயால் ஊரடங்கு வந்தது. 2025-இல் அமெரிக்க தேசம் நம் நாட்டுச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தது. அவ்விரு வேளைகளிலும் அச்சம் நம்மை விட்டு நீங்கியிருந்ததென்று சொல்லோம். ஆனால் முதலில் யாதுசெய்வது என்பதை அறிந்திருந்தோம்: ஜெபித்தபின் சம்பளக் கணக்கைத் திறந்தோம்.

மாணவ நண்பர்காள்! அவ்வலங்கத்தைக் கட்டினோரில் தட்டாரும் தைலக்காரரும் இருந்தனர். சல்லூமின் குமாரத்திகளும் இருந்தனர். பலர் தத்தம் வீட்டிற்கு எதிரான பாகத்தையே கட்டினர். உங்களுக்கும் இடுக்கண் வரும். அப்பொழுது நகரமுழுதும் இடிந்ததே என்று திகையாதேயுங்கள். உங்கள் வாசலுக்கு எதிரே விழுந்திருக்கும் கல் எதுவென்று கர்த்தரிடம் கேட்டு, அதை முதலில் எடுத்து வையுங்கள்.