கொல்லிமலையில் இருட்டு எவ்வளவு?

லடாக்கின் குளிர்ப் பாலைவனமான ஹன்லேயை 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் அங்கே கூடாரம் போட்டு விண்மீன்களைப் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அது எப்போது கைகூடுமோ! அதற்குள் நம் கொங்கு மண்ணிலேயே ஓர் இடம் அமைந்தது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் அரியூர் சோலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. இரவில் நடமாடும் உயிர்களுக்கும் இருட்டு வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இப்போது அங்கே எவ்வளவு இருட்டு மிச்சம் இருக்கிறது? மார்கழி அமாவாசையை ஒட்டி நண்பரோடு கோவையிலிருந்து கிளம்பினேன்.

மலைமேல் இருக்கும் செம்மேடு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. பாதி ஏறியதும் காது அடைத்தது, காரின் கண்ணாடியை இறக்கினால் குளிர் முகத்தில் அறைந்தது. சோளக்காட்டில் மலைவாழைத் தார்களும் மிளகும் விற்பனைக்கு இருந்தன. டீ 15 ரூபாய்.

அரியூர் சோலைக் காப்புக்காட்டுக்குள் நம் இஷ்டத்துக்குத் தங்க முடியாது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் தோட்டம் ஒன்றில் கூடாரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தோம், ஆளுக்கு 900 ரூபாய். “இங்க மையிருட்டுத்தானுங்க சார், நீங்களே பாருங்க” என்றார் தோட்டக்காரர்.

ஏழரை மணிக்கு நிமிர்ந்தபோது வடமேற்கே ஆண்ட்ரோமெடா விண்மீன்மண்டலம் சின்னப் புகைத்திட்டாக வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வரும் வெளிச்சம்! கோவையில் என் வீட்டு மொட்டைமாடியில் நான் இதைக் கண்டதே இல்லை. ஒன்பது மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வந்துவிட்டது. ஆறு மீன்களுக்கு மேல் எண்ண முடிந்தது. கிழக்கே திருவாதிரை செம்மஞ்சளாக மின்ன, தெற்கே தாழ்வாக அகத்தியர் மீன் ஏறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் இருட்டு உண்மைதான், தோட்டக்காரர் சொன்னதில் பிழையில்லை.

ஆனால் கேமராவை முக்காலியில் வைத்து மேற்கே திருப்பியதும் வேறு கதை. 14 மில்லிமீட்டர் லென்ஸ், 20 விநாடி, ஐ.எஸ்.ஓ. 3200. திரையில் மலைவிளிம்பை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் பெரிய மேடு தெரிந்தது. அது நாமக்கல் பக்கத்து வெளிச்சம். வடமேற்கே சேலம் பக்கமும் அப்படியே. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு அந்த மேடுகளை வெறுங்கண்ணாலும் பிரித்துப் பார்க்க முடிந்தது. அவை தொலைவில் இருப்பதால் அடிவானத்தோடு போய்விடுகின்றன. என்னை வருத்தியது பக்கத்துச் சரிவுதான். ஏதோ ஒரு தங்கும் விடுதியின் வெள்ளை எல்.இ.டி. விளக்கு, மூடியில்லாமல் வானத்தைப் பார்த்து எரிந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தும் எங்கள் கூடாரத் துணியில் மரநிழல் விழுந்தது. அந்தத் திசையில் எடுத்த படம் எதுவும் தேறவில்லை.

பால்வீதியின் நடுப்பகுதியை எதிர்பார்த்து மார்கழியில் வருபவர்கள் ஏமாறுவார்கள். அந்தப் பகுதி இப்போது சூரியனோடு சேர்ந்தே உதித்து மறைகிறது. பிப்ரவரி பிறந்த பிறகு விடியலுக்கு முன் தலைகாட்டும். இப்போது வாய்ப்பது அதன் மங்கலான மறுபக்கம். நள்ளிரவுக்கு மேல் லென்ஸில் பனி கோத்துக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் படர்ந்தது. நாலு மணிக்குத் தெற்கே மரங்களின் இடைவெளியில் தென்சிலுவை எழுந்து நின்றது. 11 பாகை வட அகலாங்கில் இருக்கும் நமக்கு அது கிடைக்கிறது. லடாக்கில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்த ஒரு படத்துக்காகவே இன்னொரு முறை ராத்தூக்கத்தை விடுவேன்.

பூங்கா வருவதற்கு முன்பே இங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி விளக்குகளுக்கு மூடி, வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் பல்பு. காலையில் செம்மேட்டில் ஒரு மின்சாமான் கடைக்குப் போய்க் கேட்டேன். வெள்ளை பல்பு 100 ரூபாய், உடனே கிடைக்கும். “மஞ்சளுங்களா? யாரும் கேக்கறதில்லீங்க. வேணும்னா நாமக்கல்லிருந்து வரவெக்கிறேன், விலை அதேதானுங்க” என்றார் கடைக்காரர். தகரமூடி பற்றியும் விசாரித்தேன். அளவு கொடுத்தால் வெட்டித் தருவாராம். எங்கள் தோட்டக்காரருக்காக இரண்டு பல்புக்குச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினோம்.