மதுவும் உறவும்

புறநானூற்றின் 235ஆம் பாடலில், மறைந்த அதியமானுக்காகப் புலம்பும் ஔவையார் அவன் கள்ளைப் பகிர்ந்த பண்பை முதலில் நினைவுகூருகின்றார். அங்கே கள் நட்பின் அடையாளம். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அங்கே அது மானக்கேட்டின் ஊற்று. ஒரே பொருள் உறவை வளர்ப்பதாகவும் அழிப்பதாகவும் அமைவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மூளை பற்றிய அண்மைக்கால ஆய்வுகள் ஒரு பகுதி விடையை அளிக்கின்றன.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழில் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் ஆக்கப்படுகின்றது. ஒன்பது அமினோ அமிலங்களாலான இப்பொருளை 1953இல் செயற்கையாகத் தொகுத்த வின்சன்ற் டு விக்னோ, 1955இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். மகப்பேற்றுக்கும் பாலூட்டலுக்கும் உதவுவதென்றே நெடுங்காலம் கருதப்பட்ட இவ்வோமோன், தாய் சேய்ப் பிணைப்பிலும் துணையோடு கொள்ளும் பற்றிலும் பங்குகொள்வது பின்னர் புலனாயிற்று. 2015இல் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர், மதுசாரம் கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையில் ஒட்சிற்றோசினைச் செலுத்தியபோது அவற்றின் தள்ளாட்டம் பெரிதும் தடைப்பட்டதைக் கண்டனர். மூளைக் கலங்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா வாங்கிகளுள் ஒருவகையின்மீது மதுசாரம் செயற்படாதவாறு ஓமோன் தடுத்தமையே அதற்குக் காரணம். அதற்கு முந்திய ஆண்டில், ஒரே துணையுடன் வாழும் இயல்புடைய அமெரிக்கப் புல்வெளி எலிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்றில், மதுசாரம் ஆண் எலிகளின் துணைப்பற்றைக் குலைத்தது. பெண் எலிகளில் அவ்வாறு குலைக்கவில்லை. உறவுக்குரிய மூளைப் பாதைகளை மது தொட்டுச் செல்கின்றது என்பதை இவை உணர்த்துகின்றன. எலிக்குப் பொருந்துவன யாவும் மனிதனுக்கும் அப்படியே பொருந்துமெனக் கொள்ளல் தகாது. எனினும் திசை தெளிவாகின்றது.

தொடக்கத்தில் மதுசாரம் எண்டோர்பின், டோபமீன் ஆகியவற்றைத் தூண்டி இன்பமளிக்கின்றது. நாட்பட அருந்துவோனின் மூளையோ அதற்குப் பழகிவிடுகின்றது. மன அழுத்தத்துக்குரிய ஓமோன் தொகுதி மிகையாக இயங்கத் தலைப்படுகின்றது. அப்பால் அவன் இன்பத்துக்காகவன்றிப் பதற்றத்தைத் தணிக்கவே குடிக்கின்றான். எண்டோர்பின் செயற்படும் வாங்கிகளைத் தடுக்கும் நல்ட்ரெக்சோன் என்னும் மருந்து 1994இல் ஐக்கிய அமெரிக்காவில் குடிநோய்ச் சிகிச்சைக்கு ஏற்கப்பட்டது. குடியடிமை ஒழுக்கக்கேடு மாத்திரமன்று, நோயுமாகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவ்வுண்மையைக் கொழும்பின் இரு பகுதிகளில் வைத்து நோக்கலாம். துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையில், பகலெல்லாம் உடலுழைத்துக் களைத்தவன் தவறணையை நாடுவது சாராயத்துக்காக மட்டுமன்று. தன்னைப் பெயர்சொல்லி அழைக்கும் நால்வரைக் காணவுமாகும். வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ, பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, முதியவர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே அருந்துகின்றார். முன்னவன் உறவைத் தேடிக் குடிக்கின்றான்; பின்னவர் உறவின்மையை மறக்கக் குடிக்கின்றார். இருவர் வீட்டிலும் செய்தி மறைக்கப்படுகின்றது. மகளின் கல்யாணப் பேச்சுக் குழம்பிவிடுமென்ற அச்சம் வைத்தியரை நாடுவதையும் தடுக்கின்றது. நோயாளியின் தனிமை மேலும் இறுகுகின்றது.

ஆயினும் ஓமோன் எவருக்கும் மன்னிப்புச் சீட்டாகாது. வெறியில் மனைவியை அடிப்பவன், வீதியில் பொலிசாரைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகின்றான். யாரிடம் எல்லை மீறலாம் என்பது அவ்வெறியிலும் அவனுக்குத் தெரிந்தேயிருக்கின்றது. குடிவெறியில் மக்கள் நடந்துகொள்ளும் முறை சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவதை மக்அன்றூ, எட்ஜேர்ட்டன் ஆகியோர் 1969இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினர். மது தடையைத் தளர்த்தலாம்; தளர்ந்தபின் எதைச் செய்யலாம் என்பதைக் கற்பிப்பது சமூகமே. "வெறியில் செய்துவிட்டார்" என அயலார் பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அக்கல்வி தொடர்கின்றது.

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் இலங்கையில் வலுப்பெற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மதுசாரம் விற்பதையும் மதுசார விளம்பரங்களையும் தடைசெய்தது. இவை வேண்டியனவே. ஆனால் தவறணையில் ஒருவன் பெறும் தோழமைக்கு ஈடானதை வேறிடத்தில் அமைத்துக் கொடுக்கச் சட்டத்தால் இயலாது. 1942இல் தோன்றி வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற மன்றங்களும், கோயில்களும், வாசிகசாலைகளும் அப்பணியில் ஒரு பங்கை ஏற்கலாம். குடியை விட முயல்பவனுக்கு வைத்தியரின் மருந்தோடு, மாலை வேளையில் சென்றமர ஓரிடமும் பழித்துரைக்காத நாலு பேரும் தேவை. அவன் மனைவிக்கும் அஞ்சாது வாய்திறந்து சொல்லக்கூடிய ஓரிடம் அவ்வாறே தேவை.