எங்கே நிற்பது

நெடுந்தூரம் பைக்கில் போகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். என்ன வண்டி, எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு தரும், நாலுவழிச் சாலையில் என்ன வேகம் போகலாம், எத்தனை நாளில் போய்ச் சேரலாம். கேட்பவர் சற்று விவரமானவர் என்றால் டயரைப் பற்றியும் விசாரிப்பார். எங்கெங்கே நிற்கப் போகிறாய் என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஓடுவதுதான் பயணம், நிற்பது அதற்கு வந்த இடைஞ்சல் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது தலைகீழான எண்ணம் என்பது என் கட்சி. நானூறு ஐந்நூறு கிலோமீட்டரைத் தாண்டிய எந்தப் பயணத்தையும் வண்டியின் வேகத்தைவிட, நிற்கும் முறைதான் நிர்ணயிக்கிறது. எங்கே, எத்தனை மணிக்கு நிற்பது என்ற முடிவையும் சாலையில் எடுக்கக் கூடாது. வயிறு நிறைந்து தூக்கம் தெளிந்திருக்கும் நாளில், வீட்டில் உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும். பயணத்துக்குத் திட்டம் போடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 500 கிலோமீட்டரை மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓட்டினால் ஆறே கால் மணி நேரம் ஆகும். 90-இல் ஓட்டினால் 5 மணி 33 நிமிடம். மிச்சம் பிடித்தது 42 நிமிடம். வழியில் நினைத்த இடத்தில் நிறுத்தி ஒரு டீ, பாலத்தின் மேல் ஒரு படம், கையுறையைக் கழற்றி மாட்டி கைபேசியில் வந்த செய்திக்கு ஒரு பதில் என்று மூன்று கால் மணி நேரம் போனால் அந்த மிச்சம் கரைந்துவிடும். ஆனால் கூடுதல் வேகத்துக்கு உடம்பு கொடுத்த விலை திரும்பி வராது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவது. 80-இலிருந்து 100-க்குப் போகும்போது வேகம் கால் பங்குதான் கூடுகிறது. நெஞ்சிலும் கழுத்திலும் மோதும் காற்றின் விசையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலுக்கு மேல் போய், காது அதைக் கவனிப்பதை விட்ட பிறகும் மூளையைச் சோர்வடைய வைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் அதே விகிதத்தில் இல்லாவிட்டாலும் அதிகமாகத்தான் குடிக்கும். 13 லிட்டர் டேங்க் உள்ள 350 சிசி வண்டி லிட்டருக்கு 35 கொடுத்தால் கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர் ஓடும். விரட்டினால் அதற்கு வெகு முன்பே பங்கைத் தேட வேண்டியிருக்கும். அதாவது வேகமாகப் போகிறவர் அடிக்கடி நிற்கிறார், அதுவும் தான் தேர்ந்தெடுக்காத இடத்தில்.

இதை வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்றொரு அமைப்பு உண்டு. பெயரை நாகரிகமாகத் தமிழாக்குவது கடினம். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வலிக்காத இரும்புப் பின்புறம் படைத்தவர்களின் சங்கம் என்று புரிந்துகொள்ளுங்கள். அதில் சேருவதற்கான வழக்கமான நுழைவுத் தேர்வு, 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டுவது. பெட்ரோல் பங்கில் வாங்கிய ரசீதுகள்தான் சாட்சி. நம் நாட்டு நாலுவழிச் சாலைகளிலும் பலர் இதைச் செய்து சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். கேட்டவுடன் அசுர வேகம் வேண்டும்போலத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் சராசரி மணிக்கு 67 கிலோமீட்டர்தான். அந்த 67-ஐ இருபத்து நாலு மணி நேரமும் விழாமல் காப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 80-இல் போகிறவருக்குப் பெட்ரோல், சாப்பாடு, சிறுநீர், ஓய்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அந்த நாலு மணி நேரத்தைப் பங்கு பிரித்து வைப்பவர் முடிக்கிறார், மற்றவர்கள் சாலையோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். இதே சங்கம் 11 நாளில் ஏறத்தாழ 11,000 மைல் ஓட்டும் பந்தயம் ஒன்றையும் நடத்துகிறது. 1984-இல் தொடங்கியது அது. அங்கே முதலில் வருபவருக்குப் பரிசு இல்லை. குறிப்பிட்ட இடங்களுக்குப் போய் அதிகப் புள்ளி சேர்ப்பவருக்குத்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, ஓய்வெடுப்பதற்கும் புள்ளி உண்டு என்பது. தூங்கியவருக்கு மதிப்பெண் போடும் பந்தயம் உலகில் வேறெங்காவது இருக்கிறதா தெரியாது. உலகத்திலேயே அதிகம் ஓட்டத் தெரிந்தவர்கள் நிற்பதற்கு விலை வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர்களுடைய 24 மணி நேரச் சவாலை நம் சாலைகளில் செய்து பார்க்கும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன். பின்விளக்கு இல்லாமல் இரவில் ஓரங்கட்டியிருக்கும் டிராக்டர் டிரெய்லருக்குச் சான்றிதழ் ஒரு பொருட்டில்லை.

நிற்கும் முடிவை ஏன் முன்கூட்டியே எடுக்க வேண்டும்? களைப்பு உடம்பில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். முதுகு வலித்தால், மணிக்கட்டு மரத்தால் களைத்துவிட்டோம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முன்பே மூளையில் ஒன்று தேய்ந்துவிடுகிறது: தன் நிலையைத் தானே எடைபோடும் திறன். 1997-இல் நேச்சர் இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்-கை ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அது காட்டியது. இந்தியச் சட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போட 0.03 சதவீதமே போதும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உற்சாகமாகக் கிளம்பியவர் இரவு ஒன்பது மணிக்கு, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல், அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறார். குடித்தவருக்குத் தான் குடித்தது நினைவிலாவது இருக்கும். களைத்தவருக்கு அதுவும் கிடையாது; “இன்னும் அறுபதே கிலோமீட்டர்தானே, போய்ப் படுத்துக்கொள்ளலாம்” என்று அவருடைய மனம் மிக நியாயமாகப் பேசும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண் செருகினால் வண்டி ஏறத்தாழ 67 மீட்டர் ஓடியிருக்கும். காரில் அப்படிச் செருகினால் தடம் மாறும், சில சமயம் தப்பிக்கலாம். இரண்டு சக்கரத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே ராத்திரி எட்டு மணிக்கு “நிற்கலாமா” என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியில்லாத ஒரே ஆள், அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்தான். அந்தக் கேள்விக்கு மூன்று நாள் முன்பே, தெளிந்த தலையோடு ஒருவர் பதில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். லாரிக்காரர்கள் இரவு பகலாக ஓட்டவில்லையா, உணவு கொண்டுவரும் பையன்கள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியிலேயே இருக்கவில்லையா, அவர்களெல்லாம் எந்தத் திட்டம் போட்டார்கள்? நியாயமான கேள்வி. லாரி ஓட்டுநருக்குச் சட்டம் திட்டம் போட்டிருக்கிறது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போட்டது. அந்த வரம்பு காற்றில் பறக்கவிடப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். பறக்கவிட்டதன் விளைவும் தெரிந்ததால்தான், விடிகாலையில் நெடுஞ்சாலைக் காவலர்கள் லாரிகளை ஓரங்கட்டி ஓட்டுநர்களை முகம் கழுவவைத்து அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் வந்தது. வயிற்றுப்பாட்டுக்காக ஒருவர் ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை, உல்லாசத்துக்குப் போகிறவர் முன்மாதிரியாகக் கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனங்களில் போனவர்கள் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களெல்லாம் நெடும்பயணிகள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நெடும்பயணி ஓடப் போவது அதே சாலையில்தான்.

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, டெல்லி, ஜம்மு என்று போகும். தினம் ஐந்நூற்றைம்பது, அறுநூறு என்று கோடு கிழித்து ஏழு நாளில் ஸ்ரீநகர் என்று கைபேசி வரைபடம் சொல்லிவிடும். வரைபடத்துக்கு வெயில் தெரியாது. மே மாதம் கர்னூலுக்கும் நாக்பூருக்கும் இடையே நண்பகலில் காற்றின் சூடு உடம்பின் சூட்டைத் தாண்டும். அப்போது மேலே படும் காற்று குளிர்விப்பதில்லை, அடுப்பூதியதுபோல் உள்ளே சூடேற்றும். ஆனால் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு ஓட்டுபவருக்கு அது சுகமாகவே தோன்றும். வியர்வை தோலிலேயே ஆவியாகிவிடுவதால் நனைவதுகூடத் தெரியாது, தண்ணீர் மட்டும் உடம்பைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். அங்கே சரியான திட்டம், நாலரை மணிக்குக் கிளம்பி பதினோரு மணிக்குள் நானூறு கிலோமீட்டரை முடித்து, மாலை வரை நிழலில் கிடப்பது. ஜம்முவுக்கு மேல் பிரச்சினை வேறு. ராம்பன் பக்கம் மலைச்சரிவு விழுந்தால் சாலை சில மணி நேரமோ சில நாளோ மூடிக்கிடக்கும். அதற்கென்று ஒரு நாளைக் காலியாக விட்டு வைக்காதவர், திறந்ததும் இழந்த நேரத்தைப் பிடிக்க விரட்டுவார். விரட்டும் இடம் இமயமலை வளைவுகள். காலி நாள் வீணான நாள் என்று விடுப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நம் அலுவலக மனம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

நிற்கும் இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மணாலி–லே சாலையைவிட நல்ல பாடம் கிடையாது. பாரலாச்சா கணவாயைத் தாண்டியதும் சர்ச்சு என்ற இடத்தில் கூடாரங்கள் வரிசையாக இருக்கும். தூரத்தை இரண்டாக வகுத்தால் பாதி வழி அதுதான் என்பதால் பலர் அங்கே இரவு தங்குகிறார்கள். சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேலே. முந்தைய நாள் 2,000 மீட்டர் உயரத்து மணாலியில் தூங்கிய உடம்பு, ஒரே தாவலில் அந்த உயரத்தில் தூங்கப் பழகியிருக்காது. தலைவலி, வாந்தி, உறக்கமில்லாத இரவு, மறுநாள் 5,300 மீட்டர் உயர தங்லாங் கணவாய். பகலில் உயரே ஏறலாம், இரவில் தாழ இறங்கித் தூங்க வேண்டும் என்பது மலையேறுபவர்களின் பழைய விதி. 3,200 மீட்டரை ஒட்டிய கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ முதல் இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் நீண்ட பகலாக லே வரை ஓட்டுபவர் அதே வண்டியில், அதே வேகத்தில் தலைவலி பெரிதாக இல்லாமல் போய்ச் சேர்கிறார்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கவித்துவமானது. பைக் பயணமே ஒரு விடுதலை, அதற்கும் கால அட்டவணை போட்டால் அலுவலகத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்பது. இளைஞர்கள் சே குவேராவைத் துணைக்கு அழைப்பார்கள். 1952-இல் அவரும் அவருடைய நண்பர் கிரனடோவும் கிளம்பியது 500 சிசி நார்ட்டன் வண்டியில். அந்த வண்டி சிலியைத் தாண்டவில்லை என்பதையும், மீதிப் பயணத்தை அவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் லாரியிலும் படகிலும் முடித்தார்கள் என்பதையும் சுவரொட்டி சொல்வதில்லை. அது மகத்தான பயணம்தான். பைக் பயணத்துக்கு நல்ல உதாரணம் இல்லை. இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஏழு இரவுக்கும் அறை பதிவு செய்து, பார்க்க வேண்டிய கோயில்களையும் சாப்பிட வேண்டிய கடைகளையும் மணிவாரியாக எழுதிக்கொண்டு போகிறவர் விடுதலையை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போகிறார். அப்படியொரு திட்டத்துக்கு நான் வாதாடவில்லை. நான் சொல்வதில் மூன்று நான்கு வரிகள்தான் இருக்கும்: இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்க வேண்டும், இருட்டிய பின் ஓட்டுவதில்லை, இந்த நாள் காலி, இந்த அறிகுறி தெரிந்தால் எந்த ஊரானாலும் அன்றைய ஓட்டம் அங்கே முடிந்தது. இண்டிகேட்டரை அணைக்க மறப்பது, கடைசியாகத் தாண்டிய ஊரின் பெயர் நினைவுக்கு வராதது, இரண்டாவது முறை திருப்பத்தைத் தவறவிடுவது, இவை போதுமான அறிகுறிகள். இந்த வரிகளுக்குள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம்.

வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் சர்வீஸ் விடக் கூடாது. ஒரு வாரம் முன்பே விட்டு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். புது இருக்கை, புது ஷூ எதையும் பயணத்தன்று முதன்முதலாகப் பயன்படுத்தக் கூடாது. செயினுக்கு எண்ணெய், ஒரு உபரி கிளட்ச் கேபிள், பஞ்சர் ஒட்டும் சாமான், சுமைக்கேற்ற காற்று. மற்றதை வழியில் கிடைக்கும் மெக்கானிக்குகள் பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் கெட்டிக்காரர்கள்.

நிற்கும் இடத்தை முன்பே குறித்துக்கொள்ளும் இந்த யோசனை நமக்குப் புதிதும் இல்லை. நெடுஞ்சாலை 44 போகும் தருமபுரிப் பக்கத்தில் அதியமான் பெருவழி என்ற பழைய சாலையின், தூரம் காட்டும் காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. பதிமூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்றில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று பொறித்து, எழுத்துத் தெரியாதவர்களும் எண்ணிக்கொள்ள இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தாவளம் என்றால் வணிகச் சாத்துகள் இறங்கித் தங்கும் இடம். கல் நட்டவர்கள் நடந்து வந்த தூரத்தைச் சொல்லவில்லை, தங்கும் இடத்துக்கு இன்னும் எவ்வளவு என்பதைச் சொன்னார்கள். நீங்களும் அந்த மூன்று நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதி டேங்க் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மாலை ஆறு மணிக்கு அவர் போன் செய்து, எங்கே நின்றிருக்கிறாய் என்று கேட்கட்டும்.