கழட்டாதே... முதல்ல லைட்டைப் பாரு!

லாஸ் ஏஞ்சலஸ்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹாலிவுட், பீச், டிஸ்னிலேண்ட்! அதெல்லாம் இருக்கட்டும் பாஸ். ஞாயித்துக்கிழமை காலையில கொஞ்சம் சீக்கிரமா எழுந்து, யூனியன் ஸ்டேஷன்ல பி லைன் சுரங்க ரயில் ஏறுங்க. கடைசி ஸ்டாப் நார்த் ஹாலிவுட். அங்கே இறங்கி ஜி லைன் பஸ். பஸ்தான், ஆனா அதுக்குன்னே தனி ரோடு. 2005-ல ஆரஞ்சு லைன்னு ஆரம்பிச்சது, 2020-ல பேரை மாத்திட்டாங்க. 'உட்லி'ன்னு ஒரு ஸ்டாப் வரும். இறங்கி உட்லி அவென்யூல தெற்கே நடந்தா, ஆள் தெரியறதுக்கு முன்னாடியே சத்தம் கேக்கும். நூறு தேனீக்களை டப்பாவுல போட்டு உலுக்கின மாதிரி ஒரு 'ஙொய்ய்ய்'!

அதுதான் அப்போலோ லெவன் மாடல் விமான மைதானம். 1969-ல நிலாவுக்குப் போனதே, அதோட பேர்தான். தார் போட்ட குட்டி ரன்வே, விமானத்தைப் பிரிச்சு மாட்ட பெஞ்சுகள், வெயில்ல தொப்பியோட நிக்கிற தாத்தாக்கள், காலேஜ் பசங்க. இவ்வளவு பெரிய ஊருக்கு நடுவுல இவ்வளவு காலி இடம் எப்படின்னு தோணும். 1938-ல லாஸ் ஏஞ்சலஸையே புரட்டிப் போட்ட வெள்ளம் வந்தது. அடுத்த தடவை தண்ணியைப் பிடிச்சு வைக்க 1941-ல செபுல்வேடா அணையைக் கட்டினாங்க. பெரிய மழைன்னா இந்த இடம் ஏரி. மத்த நாளெல்லாம் காய்ஞ்ச மைதானம். வீடு கட்ட முடியாது, அதனால விளையாட விட்டுட்டாங்க. பக்கத்துலயே லியோ மேக்னஸ் கிரிக்கெட் மைதானங்கள்கூட இருக்கு! (நம்ம ஊரா இருந்தா இதுக்குள்ள நாலு 'நகர்', ரெண்டு 'அவென்யூ' முளைச்சிருக்கும்.) வடக்கே கொஞ்ச தூரத்துல வேன் நைஸ் ஏர்போர்ட். நிஜ விமானங்கள் போய் வர்ற வானம்ங்கறதால, குட்டி விமானங்களுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு.

நமக்கென்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? எஸ்.ஏ.இ. ஏரோ டிசைன்னு மாணவர்களுக்கான சர்வதேசப் போட்டி ஒண்ணு இருக்கு. அதோட மேற்குச் சுற்று 2019 உட்பட பல வருஷம் இங்கேதான் நடந்தது. வேலூர் வி.ஐ.டி. மாதிரி நம்ம பக்கத்து காலேஜ் டீம்களும் அந்தப் போட்டிக்குப் போயிருக்காங்க. ஆறு மாசம் பால்சா கட்டையை அறுத்து, ஒட்டி, தூக்கம் கெட்டு, அப்பாகிட்டே டிக்கெட் காசுக்குக் கெஞ்சி... கடைசியில எல்லாம் ஒரு மிளகு சைஸ் லைட்டுல வந்து நிக்கும். ரிசீவர் லைட்!

ரிமோட் அனுப்பற சிக்னலை விமானத்துக்குள்ளே வாங்கிக்கிற சின்னப் பெட்டிதான் ரிசீவர். அது பேசாது. ஒரு எல்.இ.டி. மட்டும் வெச்சிருக்கும். அந்த லைட்டோட பாஷை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்ங்கறதுதான் கொடுமை.

நம்ம ஊர் காலேஜ் லேப்கள்ல புழங்கற ஃப்ளைஸ்கை ஐ.ஏ.6பி-யை எடுத்துக்கோங்க. சிவப்பு லைட் அசையாம எரிஞ்சா, 'எல்லாம் ஓ.கே., கிளம்பலாம்'னு அர்த்தம். மெதுவா சிமிட்டினா ரிமோட்டைத் தேடுது. படபடன்னு சிமிட்டினா பைண்ட் பண்ணக் காத்திருக்கு. இப்போ பக்கத்து பெஞ்ச்ல இருக்கிற ஃபுடாபா ஆர்617எஃப்.எஸ்.ஸைப் பாருங்க. அதே அசையாத சிவப்பு, அங்கே 'சிக்னலே வரலை'ன்னு அர்த்தம்! பச்சை அசையாம எரிஞ்சாதான் நிம்மதி. பச்சை சிமிட்டினா, 'சிக்னல் வருது, ஆனா என் ரிமோட்டோடது இல்லை'. சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தா ரிசீவருக்குள்ளேயே கோளாறு. அதைப் பறக்க விடாதீங்க, சர்வீஸுக்கு அனுப்புங்க. ஆக, சீனியர் சொன்னார்னு 'சிவப்புன்னா டேஞ்சர்'னு மனப்பாடம் பண்ணினா காலி. மேனுவல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து விமானப் பெட்டி மூடியில ஒட்டிடுங்க.

பைண்ட் ஆகவே மாட்டேங்குதா? ரிமோட்டை ரிசீவர் தலைமேல வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டறவங்கதான் அதிகம். அவ்வளவு கிட்டே போனா சிக்னல் ரிசீவரைத் திணறடிச்சிடும். நாலஞ்சு அடி தள்ளி நின்னு மறுபடி முயற்சி பண்ணுங்க. ஒரே ரிமோட்டை நாலு விமானத்துக்குப் பங்கு போடற டீமா? ஸ்பெக்ட்ரம் ரிமோட்ல வேற மாடலோட மெமரி செலக்ட் ஆகியிருந்தா, இந்த ரிசீவர் கண்டுக்கவே கண்டுக்காது. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. எதைப் பண்றதா இருந்தாலும் முதல்ல ப்ரொபெல்லரைக் கழட்டிடுங்க. மோட்டார் திடீர்னு சுத்தினா விரலுக்கு ஸ்பேர் கிடையாது.

இனிமேதான் மெயின் மேட்டர். விமானம் நல்லா ஏறுது, திரும்புது, திடீர்னு சொன்ன பேச்சு கேக்காம மூக்கு கீழே... டமார்! டீமே மூச்சிரைக்க ஓடும். போன வேகத்துல ஒருத்தர் பேட்டரியைப் பிடுங்குவார், இன்னொருத்தர் 'சிக்னல் கட்டாயிடுச்சு மச்சி'ன்னு தீர்ப்பு சொல்வார். சாட்சி அங்கேயே அழிஞ்சு போச்சு!

ஏன்னு கேளுங்க. ஸ்பெக்ட்ரம் ரிசீவர்கள் பலதுல பறக்கும்போது கரண்ட் தடுமாறி ரிசீவர் அணைஞ்சு எரிஞ்சிருந்தா, அதுக்கப்புறம் லைட் மெதுவா சிமிட்டிக்கிட்டே இருக்கும். இதுக்கு பிரவுன்-அவுட்னு பேர். பவரை நிறுத்தினா அந்தச் செய்தி போயிடும். ரிமோட் ஆன்ல இருக்கும்போது பேட்டரியைக் கழட்டி மறுபடி மாட்டினா இன்னும் மோசம். நடக்காத பிரவுன்-அவுட்டுக்கும் சிமிட்டும்! அதனால முதல்ல த்ராட்டிலை இறக்குங்க, மூணு விநாடி லைட்டைப் பாருங்க, செல்போன்ல ஒரு வீடியோ எடுங்க, அப்புறம் பேட்டரியைக் கழட்டுங்க. பேட்டரி உப்பியிருந்தா, நசுங்கியிருந்தா, புகை வந்தா இந்த ஆராய்ச்சியே வேண்டாம். தள்ளிப் போயிடுங்க. லிப்போ தீ விளையாட்டு இல்லை.

லைட் சிமிட்டுதுன்னா ரேடியோ மேல பழி போடறதை நிறுத்திட்டு கரண்ட் பக்கம் திரும்புங்க. மூணு செல் லிப்போ 11.1 வோல்ட். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் வேண்டியது 5 வோல்ட். நடுவுல இருந்து இறக்கிக் கொடுக்கிற சர்க்யூட்டுக்கு பி.இ.சி.ன்னு பேர். மலிவு ஸ்பீடு கன்ட்ரோலர்ல இது லீனியர் வகையா இருக்கும். அதாவது மிச்ச 6.1 வோல்ட்டை வெறும் சூடா கரைக்கும். 2 ஆம்பியர் இழுத்தா 12 வாட் சூடு. சின்னச் சோல்டரிங் அயர்ன் மாதிரி! அதுல நாலு டிஜிட்டல் சர்வோ ஒரே நேரத்துல முக்கினா வோல்டேஜ் சரியும். 3.5-க்குக் கீழே போனா ஸ்பெக்ட்ரம் ரிசீவர் மயக்கம் போட்டுடும். வோல்டேஜ் திரும்பினதும் அதுவும் எழுந்துடும்தான். ஆனா விநாடிக்கு 20 மீட்டர்ல போற விமானத்துக்கு ஒரு விநாடிங்கறது கிட்டத்தட்ட ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளம்.

இதைத் தரையிலேயே பிடிச்சிடலாம். ப்ரொபெல்லரைக் கழட்டிட்டு, ரிசீவரோட காலி போர்ட்ல ஒரு வோல்ட்மீட்டரை மாட்டி, ரெண்டு ஸ்டிக்கையும் கன்னாபின்னான்னு சுழட்டுங்க. ஃப்ரெண்டை விட்டு இறக்கை மடலை லேசா அழுத்தச் சொல்லுங்க. வானத்துல காத்து பண்றதும் அதைத்தானே? வோல்டேஜ் பட்டுன்னு விழுந்தா, லைட் அணைஞ்சு வந்தா, தனியா ஒரு ஸ்விட்சிங் வகை பி.இ.சி. போடுங்க. மோட்டாருக்கும் இறக்கைத் துணிக்கும் ஆயிரக்கணக்குல செலவு பண்ற டீம்கள் இதுல மட்டும் கஞ்சத்தனம் காட்டறது எனக்குப் புரியவே இல்லை.

லைட் சிமிட்டலை, ஆனாலும் விழுந்ததா? அப்போ ஆன்டெனாவைச் சந்தேகப்படலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்ல வேலை செய்யறது வயரோட நுனியில இருக்கிற அந்த 31 மில்லிமீட்டர்தான். ரெண்டு ஆன்டெனா இருந்தா ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா வைக்கணும். கெத்துக்காகக் கார்பன் ஃபைபர் உடம்பு கட்டி, அதுக்குள்ளே ஆன்டெனாவைப் புதைச்சா சிக்னல் உள்ளே போகாது. நுனியை வெளியே நீட்டுங்க. பறக்கறதுக்கு முன்னாடி ரேஞ்ச் டெஸ்ட் மோடுல ரிமோட்டோட பவரைக் குறைச்சு, 30 தப்படி நடந்து பார்க்கறது கட்டாயம்.

இங்கே இருக்கிற தாத்தாக்களுக்கு இதெல்லாம் சொகுசு! அவங்க இளமைக்காலத்துல 72 மெகாஹெர்ட்ஸ். மைதானத்துல ஒரு பலகை, சேனல் நம்பர் போட்ட கிளிப்புகள். உங்க நம்பர் கிளிப் கையில இருந்தாதான் ரிமோட்டை ஆன் பண்ணலாம். மறந்துபோய் இன்னொருத்தர் அதே சேனலை ஆன் பண்ணினா, வானத்துல இருக்கிற விமானம் சுள்ளி! 2000-களோட பின்பாதியில 2.4 வந்து அந்தப் பலகைக்கு ஓய்வு கொடுத்தது.

போட்டிக்கு வர்றவங்க ரெண்டு விஷயத்துக்குத் தயாரா இருங்க. ஒண்ணு, ஃபெயில்சேஃப். பரிசோதகர் முன்னாடி ரிமோட்டை அணைச்சா மோட்டார் அந்த நொடியே நிக்கணும். அதனால பைண்ட் பண்ணும்போது த்ராட்டில் ஸ்டிக் கீழே இருக்கட்டும், அந்த நிலையைத்தான் ஸ்பெக்ட்ரம் ஞாபகம் வெச்சுக்கும். ரெண்டாவது, ப்ரொபெல்லருக்குத் தள்ளி வெளியே தெரியற மாதிரி ஒரு சிவப்பு ஆர்மிங் பிளக். அதை உருவினா மோட்டாருக்குக் கரண்ட் கிடையாது. மத்தபடி இடமும் விதிகளும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் படிச்சுட்டு டிக்கெட் போடுங்க.

டிக்கெட்னதும் ஞாபகம் வருது. லிப்போவை செக்-இன் பெட்டியில போடக் கூடாது, கைப்பையிலதான். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால பெருக்குங்க. 11.1 வோல்ட், 2200 எம்.ஏ.ஹெச். பேட்டரின்னா 24 வாட்-ஹவர், பிரச்னை இல்லை. ஆறு செல், 5000-ன்னா 111. நூறைத் தாண்டினாலே விமான கம்பெனியோட அனுமதி வேணும், அதுவும் ஆளுக்கு ரெண்டுதான். முனைகளுக்கு டேப் ஒட்டி, தனித்தனி கவர்ல போட்டு, அனுமதி மெயிலைப் பிரின்ட் எடுத்து மேலாக வெச்சுக்கோங்க. மீனம்பாக்கம் செக்யூரிட்டியில ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்-ஹவர் கணக்குப் பாடம் எடுக்கிற வேலை மிச்சம்.