அண்ணாந்தும் குனிந்தும் எடுக்கும் பூப்படங்கள்

திராட்சைப் பூவைக் கவனித்துப் பார்த்தவர்கள் குறைவு. பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பள்ளத்தாக்கிலேயே, தோட்ட வேலை செய்பவர்களுக்கு வெளியே அதை அறிந்தவர் அரிது. பூ பச்சை நிறம், சில மில்லிமீட்டர் அளவு. இதழ்கள் விரிவதில்லை; ஒட்டியபடியே அடியில் கழன்று குல்லாய்போல உதிர, ஐந்து மகரந்தத் தாள்கள் வெளியே நீள்கின்றன.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டித் தோட்டங்களில் கொடி கம்பிப் பந்தலில் படர்வதால் பூங்கொத்து தலைக்கு மேலே இருக்கும். கவாத்து வெட்டுபவரும் கொத்தைத் திருத்துபவரும் அண்ணாந்தே வேலை செய்கிறார்கள். படமெடுப்பவருக்கும் அதே கோணம்தான். பூவை மேலிருந்து எடுக்கும் வழக்கமான முறைக்கு இங்கு வழியில்லை.

கீழிருந்து எடுத்தால் இலை ஒளிர்ந்து நரம்பு தெரியும், பூ கறுத்துவிடும். இலை இடுக்கில் தெரியும் வானத்தின் வெளிச்சத்தைக் கேமரா கணக்கில் எடுத்துப் படத்தை இருட்டாக்குவதே காரணம். ஒளியளவை ஒரு படி கூட்டலாம். அதைவிட நல்லது, தரையில் வெள்ளை வேட்டியையோ வெளுத்த உரச்சாக்கையோ விரிப்பது: வெயில் அதில் பட்டு மேலே திரும்பிப் பூவின் அடியை நிரப்பும். இலை வழியே வரும் பச்சைச் சாயத்தையும் அது ஓரளவு தணிக்கும்.

நேரத்தை மலைகள் தீர்மானிக்கின்றன. கிழக்கே மேகமலையைத் தாண்டி வெயில் தாமதமாக வரும். மேற்கே கேரள எல்லை மலைக்குப் பின்னால் சீக்கிரம் மறையும். தென்மேற்குப் பருவத்தில் மேகம் கவிந்து, நிழல் விழாத மென்மையான ஒளி கிடைக்கும். ஆனால் கூடவே காற்று. நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தாலும் கொத்து நிலைகொள்ளும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்த வேலையில் பாதி, காத்திருப்பதுதான்.

ஏலக்காயில் எல்லாம் தலைகீழ். பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பேறி போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூரடியில் குனிந்தும் குத்துக்காலிட்டும் காய் எடுக்கிறார்கள். பூச்சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடப்பதே காரணம். வெள்ளை இதழில் ஊதா வரிகள் ஓடும் அந்தப் பூ விடியுமுன் விரியத் தொடங்கி ஒரே நாளில் வாடும். காலையில்தான் படம். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மண்ணை ஒட்டி நிற்கும். நிழல்மரங்களின் இடுக்கில் இறங்கும் வெயில் திட்டுத்திட்டாக விழுந்தால், குறுக்கே ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்தாலே போதும்.

ஜெர்மனியின் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் செடிகளைப் பலமடங்கு பெரிதாக்கி எடுத்த படங்கள் 1928இல் நூலாயின. அவருக்கும் இயற்கை வெளிச்சமே போதுமாயிருந்தது. ஆனால் செடியை வெட்டி அறைக்குள் கொண்டுவந்து எடுத்தார். ஏலத்தோட்டத்தில் அது நடக்காது. சரத்தைத் தூக்கிப் பிடிக்கப்போய் ஒடித்துவிட்டால் அதில் வரவேண்டிய காயெல்லாம் போகும். ஈரச் சருகில் படுத்துத்தான் எடுக்க வேண்டும். அட்டைப்பூச்சிக்குக் காலுறையில் உப்போ புகையிலைத்தூளோ தடவிக்கொள்வது நல்லது.