நாற்பது வளைவும் எங்கள் சின்ன காரும்

கார் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் கேட்பவர்களின் அடுத்த கேள்வி, "என்ன கார்?" என்பதுதான். "மாருதி 800. அதுவும் செகண்ட் ஹாண்ட்" என்றதும் அவர்கள் வாயிலிருந்து ஓர் 'ஓகோ' வரும் பாருங்கள்! அந்த 'ஓகோ'வின் அர்த்தம் எனக்கும் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். இந்தக் காரைப் பற்றி, அதிலும் அது எங்களை வால்பாறை மலைக்கு ஏற்றிச் சென்ற ஒரு நாளைப் பற்றி, சகோதரிகளிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

1983 டிசம்பரில் முதல் மாருதி சாலைக்கு வந்தபோது விலை சுமார் ஐம்பதாயிரம் ரூபாய்தானாம். அம்பாஸடரையும் பியட்டையும் பெரிய வீட்டு வாசலில் மட்டுமே பார்த்துப் பழகியிருந்த காலம் அது. ஆபீஸ் குமாஸ்தாவும் ஸ்கூல் வாத்தியாரும் 'நாமும் ஒரு கார் வாங்கினால் என்ன?' என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்தது இந்தச் சின்ன வண்டி வந்த பிறகுதான். 2014 ஜனவரியில் இதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எங்கள் உடுமலைப்பேட்டைத் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்களுடையது 2008-ம் வருஷத்து வண்டி. 2012-ல் என் சீட்டுப் பணத்தையும் அவருடைய போனஸையும் சேர்த்து, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்கினோம். வெள்ளை நிறம். ஏ.சி. கிடையாது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், மொத்த நீளமே பதினோரு அடிதான். எங்கள் சந்தில் ஒரு பக்கம் தண்ணீர் டிரம், மறு பக்கம் கட்டிப் போட்ட எருமை. நடுவில் இது வளைந்து திரும்பி வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். டிக்கி என்பது பெயருக்குத்தான். கல்யாணத்துக்குக் கிளம்பினால் இரண்டு பெட்டி வைத்ததும் நிரம்பிவிடும், மீதியெல்லாம் மடியில்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரவு இரண்டு மணிக்கு இடுப்பு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதில்தான். அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது. எங்கள் வண்டியைக் கண்டால், 'என் காரு' என்று உரிமை கொண்டாடும்!

இனி அத்தையின் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமியார் பிறந்ததும் வளர்ந்ததும் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில். அவருடைய அம்மா கொழுந்து பறித்தார், அப்பாவுக்கு டீ பாக்டரியில் வேலை. பதினேழு வயதில் கல்யாணமாகிச் சமவெளிக்கு வந்துவிட்டார். எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு: வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். அப்பா ஓய்வு பெற்றதும் வீடும் போயிற்று. பிறந்த வீடு என்று சொல்லிக்கொண்டு போக அத்தைக்கு அங்கே ஒரு திண்ணைகூட மிச்சமில்லை. இருந்தாலும் மழை பெய்கிற சாயங்காலங்களில், "எங்க லைன்ல இப்ப அட்டை ஏறுங் கண்ணு" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றால் பஸ் பயணத்தை நினைத்தே பயந்தார். ஆழியாறுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது வளைவிலேயே தலை சுற்றி வாந்தி வந்துவிடும். முழங்கால் வலி வேறு. பஸ் படி ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். இவை வெளியே சொல்கிற காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று உண்டு, அது பெண்களுக்குத்தான் புரியும். வயதான பிறகு ஒன்றரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போயாக வேண்டும். பஸ்ஸில், "கொஞ்சம் நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் எப்படிக் கேட்பது? அதனால் எங்கே கிளம்பினாலும் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார். அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகு நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலுமாக ஒரு வாரம் படுத்துவிட்டார். தண்ணீர் குடிக்காததும், வந்ததை அடக்கி வைத்ததும் இரண்டும் சேர்ந்துதான் இந்த வேலை செய்தது என்று டாக்டரம்மா கண்டித்தார். நம்மில் எத்தனை பேர் இதையே செய்துகொண்டிருக்கிறோம்!

2019 மே மாதம், அத்தைக்கு எழுபத்தொரு வயது. "இந்த வண்டியிலேயே போயிடலாம்" என்று நான் சொன்னேன். என் கொழுந்தனார் போனில் ஒரே கூப்பாடு: "பழைய வண்டி, அஞ்சு பேரு, நாப்பது வளைவு! டாக்ஸி வெச்சுக்குங்க அண்ணி." டாக்ஸிக்கு நாலாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். அது கிடக்கட்டும். வாடகை வண்டி என்றால் அத்தை அதிலும் தண்ணீர் குடிக்க மாட்டார், டிரைவர் என்ன நினைப்பாரோ என்று.

எங்கள் ஊர் மெக்கானிக் பிரேக்கையும், ரேடியேட்டரையும், நாலு டயரோடு ஸ்டெப்னியையும் பார்த்துக் கொடுத்தார். "ஏறும்போது எந்த கியர் கேக்குதோ அதே கியர்லயே இறங்குங்க. நியூட்ரல் பண்ணிராதீங்க, பிரேக்கையே மிதிச்சுட்டு வராதீங்க" என்று என் கணவரிடம் மூன்று தரம் சொன்னார். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகி, தேவைப்படும்போது பிடிக்காமல் போய்விடுமாம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஆளுக்கு இரண்டே இட்லி, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அத்தைக்கு முன் சீட். பின்னால் எனக்கு இரண்டு பக்கமும் குழந்தைகள், பெல்ட் போட்டு. எட்டு வயதுப் பையனுக்கும் மலை ஏறினால் வாந்தி வரும். அவன் கையிலிருந்த போனை வாங்கி என் பையில் போட்டுவிட்டேன். வளைவில் உடம்பு ஆடுவது காதுக்குள் இருக்கும் உறுப்புக்குத் தெரிகிறது; போனையோ புத்தகத்தையோ பார்க்கும் கண், 'ஆடவில்லையே' என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால் பாதி சரியாகும், ஜன்னல் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஏ.சி. இல்லாதது அன்றைக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரை சமவெளி, இருபுறமும் தென்னந்தோப்பு. அணைப் பக்கம் முதல் நிறுத்தம். "ஒரு மணி நேரந்தானே ஆச்சு?" என்று அத்தை தயங்கினார். "அதனாலென்ன, இறங்குங்க அத்தை" என்றேன். போய் வந்து, தாமாகவே கூஜாவைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பயணத்தில் அவர் தண்ணீர் குடித்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். குரங்கருவியைத் தாண்டும்போது மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். அங்கே குரங்குகள் தின்பண்டப் பைக்காகவே காத்திருக்கும்.

வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருக்கிறது. குழந்தைகள் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார்கள். எங்கள் வண்டி பெரும்பாலும் இரண்டாவது கியரில், வளைவில் முதல் கியரில், முனகிக்கொண்டே ஏறியது. பெரிய வண்டிகள் பின்னால் வந்து ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விட்டோம். சின்ன வண்டிக்கு ஒதுங்க இடம் கிடைப்பது சுலபம்! மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது சட்டம், ஆனால் பஸ்ஸைப் பார்த்தால் யார் சட்டம் பேசுகிறார்கள்?

ஒன்பதாவது வளைவில் காட்சி முனை இருக்கிறது. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் நீலத் தட்டுப் போலத் தெரிந்தது. எஞ்சினும் ஆறட்டும், நாமும் ஆறலாம் என்று நின்றோம். சாலையோரக் கைப்பிடிச் சுவரின் மேல் இரண்டு வரையாடுகள், யாரையும் லட்சியம் செய்யாமல் அசை போட்டுக்கொண்டிருந்தன. நம் மாநில விலங்கு அல்லவா, அந்த மிடுக்கு இருக்கத்தான் செய்யும். அத்தைக்குத் தலை சுற்றவில்லை. அவருக்கே அது ஆச்சரியம்.

காட்டுப் பகுதியில் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது. யானையும் சிறுத்தையும் நடமாடுகிற இடம். அதனால் அடுத்த நிறுத்தத்தை அட்டகட்டியில் வைத்துக்கொண்டோம். அங்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "பெரியவங்களுக்கு பாத்ரூம் போகணும்" என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு, அத்தைக்கு வெந்நீரே வைத்துக் கொடுத்தார். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள் சகோதரிகளே. கேட்டு இல்லையென்று சொன்னவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

கவர்க்கல்லில் மூடுபனி. ரொட்டிக்கடை தாண்டியதும் அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதைப் பையன் காட்டினான், அவர் திரும்பவே இல்லை. டவுனைத் தாண்டி, சோலையாறு வழியில் எஸ்டேட் பாதை பிரிந்தது. தார் பெயர்ந்த குறுகல் பாதை. இங்கே வேறு பெரிய வண்டியாக இருந்தால் பாதியில் இறங்கி நடந்திருக்க வேண்டும், அந்த முழங்காலுக்கு அது நடக்காத காரியம். எங்கள் வண்டி லைன் வாசல் வரை போய் நின்றது.

ஓட்டுக் கூரை வரிசை அப்படியே இருந்தது. அத்தை விரலால் எண்ணி நாலாவது வீட்டின் முன் போய் நின்றார். உள்ளிருந்து இருபது வயது கூட நிரம்பாத ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவளாம். கொழுந்து பறிக்க இப்போது வடக்கேயிருந்து நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். தமிழ் நாலு வார்த்தைதான் தெரிந்தது. அத்தைக்கு இந்தி ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனாலும் எப்படியோ விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போனாள். அடுப்பு மேடை இருந்த மூலையில் இப்போது காஸ் ஸ்டவ். அத்தை சுவரைத் தடவிப் பார்த்தார். "இங்கதாங் கண்ணு எங்கம்மா கூடைய மாட்டும்" என்று ஓர் ஆணியைக் காட்டினார். அதே ஆணியா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் பால் ஊற்றாத டீ கொடுத்தாள். அத்தை முழுசாகக் குடித்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் வாங்கிக் குடித்தார். புறப்படும்போது முந்தானை முடிச்சிலிருந்து நூறு ரூபாயை எடுத்துக் குழந்தை கையில் வைத்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

இறக்கத்தில் மெக்கானிக் சொன்னபடியே இரண்டாவது கியர். நாற்பதிலிருந்து ஒன்று வரை எண்ணுகிறேன் என்ற குழந்தைகள் முப்பதிலேயே தூங்கிவிட்டார்கள். வழியில் மூன்று தரம் நின்றோம். மொத்தம் பெட்ரோல் சுமார் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று என்று என் கணக்கு நோட்டில் இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இப்போது பழைய கார் வாங்க நினைப்பவர்கள் விலையை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது. 2019 ஜூலையிலிருந்துதான் புதுக் கார்களில் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயமானது; அதற்குப் பிந்திய வண்டி கட்டுப்படியாகுமானால் அதையே பாருங்கள். பதினைந்து வருஷம் ஆன வண்டியை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. எங்களுடையதை 2023-ல் புதுப்பித்தோம், அதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஓட்டலாம்.

பெண் இப்போது காலேஜ் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதில்தான் ஓட்டிப் பழகுகிறாள், அப்பா பின் சீட்டிலிருந்து பாடம் நடத்துவார். முன் சீட்டை அப்பத்தா யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. மடியில் தண்ணீர்க் கூஜாவுடன் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா திருப்பு கண்ணு, எருமை நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்.